அத்தை முடிவைச் சொல்லிவிட்டார்

போன ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, இரவுக் காட்சி. அலுவலக நண்பர் ஒருவர் வற்புறுத்தி அழைத்துப் போனார். படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதை இன்னும் பார்க்காதவர்களிடம் வசவு வாங்க எனக்குத் தெம்பு இல்லை. தங்கையைப் பறிகொடுத்த அண்ணன், கொன்றவனைத் தேடி அலைகிறான். இரண்டு மணி நேரம் அலைகிறான். கடைசிப் பத்து நிமிடத்தில், கொன்றவனே அவன்தான் என்று தெரிகிறது. அரங்கில் ஒரே கைதட்டல். நண்பர் என் தோளை உலுக்கி, "எதிர்பார்த்தீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்" என்றார். சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. நானும் தட்டினேன். ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் ஒரு காட்சி மீன்முள் போலத் தொண்டையில் நின்றுகொண்டது. படத்தின் நடுவில் அந்த அண்ணன் வீட்டுக்கு வருகிறான். கதவைத் தாழிடுகிறான். தங்கையின் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறான். வீட்டில் வேறு யாருமே இல்லை. அப்படியானால் யாரை நம்பவைக்க அழுதான்?

என்னை. 190 ரூபாய் கொடுத்து இருட்டில் உட்கார்ந்திருந்த என்னை. அவனுக்கு என்னைத் தெரியாது, நான் அங்கே இருப்பதே அவனுக்குத் தெரியக்கூடாது, இருந்தும் எனக்காக ஒரு நாடகம் போட்டிருக்கிறான். மறுநாள் நண்பரிடம் சொன்னேன். "குற்ற உணர்ச்சியாக இருக்கலாமே" என்றார். இருக்கலாம்தான், ஆனால் கடைசியில் அவன் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். குற்ற உணர்ச்சி உள்ளவன் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. "நீங்கள் படத்தை ரசிக்கத் தெரியாதவர்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நண்பர் டீ குடிக்கப் போய்விட்டார். தீர்ப்பை ஏற்றுக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன். அந்தப் பள்ளிக்கூடப் பை விடமாட்டேன் என்றது.

திருப்பங்களின் எதிரி அல்ல நான். சொல்லப்போனால் ஒரு காலத்தில் அதற்கு அடிமையாகவே இருந்தேன். கல்லூரி நாட்களில் வாரப் பத்திரிகைகளுக்கு ஒரு பக்கக் கதை எழுதி அனுப்புவேன். ஒரு பக்கக் கதை என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. மேலே முப்பது வரி சும்மா, கடைசி வரியில் ஒரு குட்டு. பதினான்கு அனுப்பினேன், ஒன்று வந்தது. ஒருவன் தன் காதலியைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறான்: அவள் ஒல்லி, கருப்பு, மழையில் நனைந்தால் சிணுங்குவாள், அப்பா அவளை விற்றே தீருவேன் என்கிறார். கடைசி வரியில் அவள் ஒரு சைக்கிள். வீடு முழுக்கக் கொண்டாட்டம். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அத்தை மட்டும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "நன்றாக இருக்கிறது. ஆனால் பாதியில் அந்தப் பெண்மேல் எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தை இப்போது நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?" என்று கேட்டார். அத்தை சைக்கிள் கதையைப் புரிந்துகொள்ளவில்லை என்று அப்போது நினைத்தேன். முப்பது ஆண்டுக்குப் பிறகு, ஒரு பள்ளிக்கூடப் பைமேல் நான் பட்ட பாவத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி திரும்பி வந்தது.

(இதற்குமேல் பல பழைய படங்களின் முடிவுகள் வருகின்றன. எல்லாமே அறுபது வயதைத் தாண்டியவை. இதைவிட நான் பொறுத்திருக்க முடியாது.)

பொங்கல் விடுமுறையில் நடந்தது

அத்தைக்கு இப்போது 78 வயது. இந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் இருந்தார். என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. படம் பார்ப்பதை ஒரு விரதம் போலச் செய்கிறவள். புதிய படம் வந்தால் பார்க்கும்வரை கைப்பேசியில் அதைப் பற்றிய எதுவும் கண்ணில் படாதபடி என்னென்னவோ தடுப்பு போட்டு வைப்பாள். பழைய தமிழ்ப் படத்தில் நல்ல மர்மக் கதை எது என்று கேட்டாள். 'புதிய பறவை' என்றேன். 1964, சிவாஜி கணேசனின் சொந்தத் தயாரிப்பு, தாதா மிராசி இயக்கம். மூவரும் உட்கார்ந்தோம். கப்பலில் கோபாலாக சிவாஜி வருகிறார், லதாவாக சரோஜாதேவி வருகிறார். படம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அத்தை முறுக்கை இரண்டாக உடைத்துக்கொண்டே, "இவள் போலீசுக்காரி. நடிக்க வந்தவள். கவனமாகப் பார்" என்றார்.

என் மகள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள். "அத்தைப் பாட்டி, ஏன் சொன்னீர்கள்?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. எனக்கும் ஆத்திரம்தான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் ரகசியத்தை ஒரு முறுக்கு உடைக்கிற நேரத்தில் போட்டு உடைத்துவிட்டாரே! ஆனால் அத்தை கொஞ்சமும் அசரவில்லை. "சொன்னால் என்ன? எனக்கும் சொல்லித்தான் அனுப்பினார்கள்" என்றார்.

கதை அப்போதுதான் வெளிவந்தது. 1964-இல் அத்தைக்கு 17 வயது. படம் கும்பகோணத்துக்கு வந்தபோது பக்கத்து வீட்டு மாமி முதல் நாளே பார்த்துவிட்டு வந்து, கிணற்றடியில் தண்ணீர் இறைத்தபடி கதை முழுவதையும், முடிவு உட்பட, வசனத்தோடு சொல்லி முடித்துவிட்டார். அத்தையும் அவருடைய அண்ணியும் கதை முழுக்கத் தெரிந்துகொண்டுதான் மறுநாள் தரை டிக்கெட் வாங்கிப் போனார்கள். "நான் ஒரு தடவைகூட இந்தப் படத்தைத் தெரியாமல் பார்த்ததே இல்லை" என்றார் அத்தை. ஏதோ ஒரு குறை என்ற தொனியில் சொல்லவில்லை. வரம் என்ற தொனியிலும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கிணறு உப்பு என்பதுபோல ஒரு தகவலாகச் சொன்னார்.

மகள் எழுந்து போகப் பார்த்தாள். அத்தை அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "அம்மாடி, ஒன்று செய். கோபால் பேசும்போது எல்லோரும் கோபாலைத்தான் பார்ப்பார்கள். நீ அவனைப் பார்க்காதே. லதாவைப் பார்."

லதாவைப் பார்த்தேன்

அந்தப் படத்தை நான் நான்கு முறை பார்த்திருப்பேன். முதல் முறை ஏமாந்தேன். மற்ற மூன்று முறையும் சிவாஜியைத்தான் பார்த்தேன். சிவாஜி நடிக்கும் படத்தில் வேறு எங்கே பார்ப்பது! அன்றைக்குத்தான் முதல்முறையாக லதாவைப் பார்த்தேன்.

சரோஜாதேவி "கோபால்" என்று கொஞ்சி இழுப்பதைப் பலகுரல் கலைஞர்கள் கேலி செய்து கேலி செய்து, அந்தப் பெயரே ஒரு நகைச்சுவைத் துணுக்காகிவிட்டது. பள்ளி ஆண்டுவிழாவில் நானே செய்திருக்கிறேன். ஆனால் அது ஒரு போலீசுக்காரி ஒரு கொலைகாரனை வழிக்குக் கொண்டுவரப் போடும் குரல் என்று தெரிந்துகொண்டு கேட்டால் முதுகுத்தண்டு சில்லிடுகிறது. அதைவிடக் கொடுமை, அந்தக் குரல் எந்த இடத்தில் வேலையாக இருப்பதை நிறுத்திவிட்டு நிஜமாகிறது என்று தேடத் தொடங்கிவிடுகிறோம். காதலிப்பதுபோல நடிக்க வந்தவள் நிஜமாகவே காதலித்துவிட்டாள் என்பதுதானே கதை. எப்போது? எந்தக் காட்சியில்? படம் சொல்வதில்லை. ஒவ்வொரு சிரிப்பையும் நிறுத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

பாட்டுகள் வேறு. "உன்னை ஒன்று கேட்பேன், உண்மை சொல்ல வேண்டும்" என்று லதா பாடுகிறாள். நாற்பது ஆண்டாக வானொலியில் கேட்டுவரும் பாட்டு. கல்யாண வீட்டு மேடைகளில் கேட்ட பாட்டு. காதல் பாட்டு என்பதற்குமேல் அதைப் பற்றி நான் ஒரு நொடிகூட யோசித்தது கிடையாது. அது ஒரு விசாரணை! கண்ணதாசன் முதல் அடியிலேயே முழு ரகசியத்தையும் மேசைமேல் எடுத்து வைத்துவிட்டார். சௌகார் ஜானகி பாடும் "பார்த்த ஞாபகம் இல்லையோ"வும் அப்படித்தான். செத்துப்போன மனைவி நான்தான் என்று ஒருத்தி வந்து நிற்கப்போகிற படத்தில், அந்த மனைவி முன்பு பாடிய பாட்டு அது. என் மகள் அந்த இடத்தில் "அடேயப்பா" என்றாள். கோபம் முழுக்கப் போயிருக்கவில்லை; ஆனாலும் சொன்னாள்.

பிறகுதான் நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமான இடம். கோபாலின் செத்துப்போன மனைவி சித்ரா நான்தான் என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி மாமா எம்.ஆர். ராதாவோடு வந்து வீட்டில் உட்கார்ந்துகொள்கிறாள். கோபால் துடிக்கிறான், கத்துகிறான்: இவள் என் மனைவி இல்லை. யாரும் நம்பவில்லை. அவன் எடுத்துவைக்கும் ஆதாரங்கள் ஒவ்வொன்றும் அவனுக்கு எதிராகவே திரும்புகின்றன. முதல்முறை பார்க்கிறவர்களுக்கு இது ஒரு மர்மம்: சொத்துக்காகச் செய்யும் சதியா, இவனுக்குத்தான் பைத்தியமா? முடிவு தெரிந்தவர்களுக்கு அது மர்மமே இல்லை, சித்திரவதை. ஏனென்றால் கோபால் சொல்வது அத்தனையும் உண்மை. அவள் அவன் மனைவி இல்லைதான். அது அவனுக்கு எப்படித் தெரியும்? மனைவியை ஆத்திரத்தில் அடித்தவன் அவன். அடியில் இறந்தவளைத் தற்கொலைபோலத் தோன்ற ரயில் தண்டவாளத்தில் போட்டவன் அவன். அவன் கையில் இருக்கும் ஒரே அசைக்கமுடியாத ஆதாரம் அவன் வாயைத் திறந்து சொல்லவே முடியாத ஆதாரம். படம் முழுக்கப் பொய் சொல்லிவந்த ஒருவன், ஒரே ஒருமுறை உண்மையைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துகிறான், அந்த உண்மைதான் அவன் கழுத்தை இறுக்குகிறது. சிவாஜி மிகையாக நடிக்கிறார் என்று நானே சொல்லியிருக்கிறேன், அதுவும் குறிப்பாக இந்தப் படத்தை வைத்து. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்த நிலையில் இருக்கும் மனிதன் வேறு எப்படிக் கத்துவான்?

நான் சோபாவின் விளிம்புக்கு வந்துவிட்டிருந்தேன். ஐந்தாவது முறை பார்க்கும் படம். ரகசியம் போய்விட்டால் பதைப்பும் போய்விடும் என்று நான் இத்தனை நாள் நம்பியது முழுக்கத் தப்பு. பதைப்பு அப்போதுதான் ஆரம்பமே.

யார் தலையில் விழுகிறது

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பள்ளிக்கூடப் பைக்கும் கோபாலுக்கும் என்ன வித்தியாசம்? கோபாலும் பொய்தான் சொல்கிறான். மனைவி எப்படி இறந்தாள் என்று அவன் லதாவிடம் சொல்லும் பழைய கதையில், அவன் அடித்த அடி இல்லை. நமக்கும் அது படமாகவே காட்டப்படுகிறது, நாமும் நம்புகிறோம். ஆனால் அந்தப் பொய் அறைக்குள் இருக்கும் ஒருத்திக்குச் சொல்லப்படுகிறது. கோபால் ஏமாற்றப் பார்ப்பது லதாவை. நாம் பக்கத்தில் நின்று கேட்டு ஏமாந்தோம், அவ்வளவுதான். மர்மப் பட இயக்குநர் ஹிட்ச்காக் 1950-இல் எடுத்த 'ஸ்டேஜ் ஃப்ரைட்' படத்திலும் ஒரு பாத்திரம் சொல்லும் பொய்யான பழைய கதை படமாக வரும். அதற்காக அவரைத் திட்டித் தீர்த்தார்கள்; அவரே பிற்பாடு பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவிடம் அது தன் தவறு என்று ஒப்புக்கொண்டார். எனக்கு அது தவறாகத் தெரியவில்லை. ஒருவன் இன்னொருத்திக்குச் சொன்ன பொய் அது. இந்த வழக்கில் நான் ஹிட்ச்காக்குக்கு எதிராக ஹிட்ச்காக் கட்சி.

அங்கிருந்து யோசித்துக்கொண்டே போனபோது எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. திருப்பம் யார் தலையில் விழுகிறது? என் தலையில் மட்டும் விழுந்தால் அது ஒரு பக்கக் கதை. சைக்கிள் தான் சைக்கிள் என்று ஏற்கெனவே அறிந்திருந்தது, அதை ஓட்டியவனும் அறிந்திருந்தான், அறியாதவர் அத்தை ஒருவர்தான். படத்துக்குள் இருக்கும் ஒருவர் தலையிலும் சேர்ந்து விழுந்தால், எனக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதால் எந்த நஷ்டமும் இல்லை. அவருக்குத் தெரியாதே! 'புதிய பறவை'யின் மூலம் 'சேஸ் எ குரூக்கட் ஷேடோ' என்ற 1958-ஆம் ஆண்டு ஆங்கிலப் படம். அதில் ஒரு பெண்ணிடம், செத்துப்போன உன் அண்ணன் நான்தான் என்று ஒருவன் வருவான். வந்தவன் போலீஸ். அங்கே வந்தவன்தான் போலீஸ். தமிழில் காதலியே போலீஸ். ஒரே புள்ளியில்தான் மாற்றம், ஆனால் அடி விழும் இடம் மாறிவிட்டது. கோபால் தன் குற்றம் அம்பலமானதில் நொறுங்குவதில்லை. அவள் யார் என்று தெரிந்ததில்தான் நொறுங்குகிறான்.

இதை ஆங்கிலப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கவேண்டுமா என்ன! நம் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் பதிகம் கதையை முடிவுவரை சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறது. வழக்குரை காதையில் கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். பாண்டியன் எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான். சிலம்பு உடைகிறது, "மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே." கேட்பவர்களில் யாருக்கு அது புதுச் செய்தி? ஒருவருக்கும் இல்லை. கோவலன் கள்வன் இல்லை என்பது ஊர் அறிந்த கதை. தெரியாதவன் அந்த மண்டபத்தில் அரியணைமேல் இருப்பவன் ஒருவன்தான். "யானோ அரசன், யானே கள்வன்" என்று அவன் சொல்லும்போது நாம் திடுக்கிடுவதில்லை. அவன் திடுக்கிடுவதைப் பார்க்கிறோம். விடிய விடியக் கூத்து பார்த்த ஊர்களில், துகில் உரியும் இரவில் என்ன நடக்கும் என்று தெரியாமல் யாரும் பாயை விரித்து உட்கார்ந்ததில்லை.

அத்தையின் டிரங்குப் பெட்டியில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கதைச் சுருக்கம்; "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும். கதையை மறைக்கும் பழக்கம் நம்மிடமும் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வரியைப் படித்துவிட்டு ஆவலோடு போனவர்களில் எத்தனை பேர் கிணற்றடி மாமியிடமிருந்து தப்பியிருப்பார்கள்?

பிரெஞ்சுக்காரர்கள் இருவர்

பொய்லோ, நார்ஸெஜாக் என்று இரண்டு பிரெஞ்சு எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதிய நாவல்களிலிருந்து இரண்டு பெரிய படங்கள் வந்தன. ஒன்று பிரெஞ்சு இயக்குநர் க்ளூஸோவின் 'லே தியாபோலிக்', 1955. முடிந்ததும் திரையில் ஓர் அட்டை வரும்: உங்கள் நண்பர்களிடம் முடிவைச் சொல்லி அவர்கள் சுவாரசியத்தைக் கெடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சும். இன்னொன்று 'வெர்டிகோ', 1958. நாவலில் ரகசியம் கடைசியில்தான் உடையும். ஹிட்ச்காக் என்ன செய்தார் என்றால், படம் மூன்றில் இரண்டு பங்கு முடிந்தவுடனேயே, ஜூடி ஒரு கடிதம் எழுத உட்காரும் காட்சியில் எல்லாவற்றையும் நம்மிடம் சொல்லிவிட்டார். முன்பு செத்துப்போனதாக நாம் நம்பிய மேடலினும் இந்த ஜூடியும் ஒருத்தியே. கூட இருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். அவருக்கே தயக்கம் இருந்தது. கடைசியில் அந்தக் காட்சி நின்றது. அதாவது ஹிட்ச்காக்தான் அந்தப் படத்தின் கிணற்றடி மாமி.

இப்போது அதற்குப் பிறகு வரும் துணிக்கடைக் காட்சியைப் பாருங்கள். மேடலினைக் காதலித்த ஸ்காட்டி அவளுக்கு அதே சாம்பல் நிற உடையை வாங்குகிறான், அதே தங்க நிறத்துக்குத் தலைமுடியை மாற்றச் சொல்கிறான். நமக்குத் தெரியாமல் இருந்திருந்தால், செத்தவளை மறக்கமுடியாத ஒரு கிறுக்கனின் பிடிவாதம், அவ்வளவே. தெரிந்திருப்பதால்தான் ஜூடியின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. தான் போட்டுக் கழற்றிய வேஷத்தையே காதலுக்காக மறுபடி போட்டுக்கொள்கிறாள். போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தே. வெளிவந்தபோது இந்தப் படத்தை விமர்சகர்கள் பலர் பெரிதாக மதிக்கவில்லை. 2012-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் அது 'சிட்டிசன் கேன்' படத்தைக் கீழே இறக்கி முதலிடத்துக்கு வந்தது. 'லே தியாபோலிக்' மோசமான படம் என்று சொல்ல வரவில்லை. அதில் அந்தத் திருப்பம் ஒரு பாத்திரத்தின் உயிரையே குடிக்கிறது, என் அளவுகோலுக்கு அது நன்றாகவே நிற்கிறது. அந்த அட்டைதான் தேவையில்லை. தன் பலம் தனக்கே தெரியாத படத்தின் கெஞ்சல் அது.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு, ஆனால் அதை நான் ரொம்பச் சுமக்கமாட்டேன். 2011-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 12 சிறுகதைகளை எடுத்துக்கொண்டு, சிலருக்கு முடிவை முன்பே சொல்லியும் சிலருக்குச் சொல்லாமலும் படிக்கக் கொடுத்தார்கள். மொத்தத்தில், முடிவு தெரிந்து படித்தவர்கள் கதைகளைக் கொஞ்சம் அதிகமாகவே ரசித்திருந்தார்கள். அதற்குப் பின் வந்த வேறு சில ஆய்வுகள் நேர்மாறாகச் சொன்னன. அதோடு அவை சிறுகதைகள். 190 ரூபாய் கொடுத்து இருட்டில் உட்கார்ந்து படித்தவை அல்ல.

என் அளவுகோலும் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' இருக்கிறதே. அதில் கடைசியில் தெரியவரும் உண்மை, அதைச் சுமக்கவேண்டிய கொலைகாரன் நார்மன் தலையில் விழவே இல்லை. அவன் அதற்கெல்லாம் அப்பால் போய்விட்டான். ஒரு மனநல மருத்துவர் வந்து நமக்காக விளக்கம் சொல்லிவிட்டுப் போகிறார். என் கணக்குப்படி அது தோற்றிருக்கவேண்டும். தோற்கவில்லை. படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று 1960-இல் திரையரங்குகளுக்கு உத்தரவு போட்டு ஹிட்ச்காக் காப்பாற்றிய படம் அது. அந்தக் கெடுபிடி நியாயமா என்று கேட்டால், கடைசித் திருப்பத்துக்காக இல்லை, பாதிப் படத்திலேயே கதாநாயகி போய்விடுகிறாளே, அதற்காக நியாயம் என்பேன். இந்தப் பதில் எனக்கே முழுத் திருப்தி தரவில்லை.

மகளின் கட்சி

மகளிடம் இதையெல்லாம் மறுநாள் காலை, தோசைக்கு நடுவே, வெற்றிக் களிப்போடு சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அப்பா, நீங்கள் முதல்முறை எப்படிப் பார்த்தீர்கள்?" என்றாள். தெரியாமல்தான் பார்த்தேன். தூர்தர்ஷனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. லதா போலீஸ் என்று தெரிந்தபோது கையில் இருந்த பொரி தரையில் கொட்டியது இன்றும் நினைவிருக்கிறது. "அப்படியானால் உங்களுக்கு இரண்டு படம் கிடைத்தது. தெரியாமல் பார்த்தது ஒன்று, தெரிந்து பார்த்தது ஒன்று. எனக்கு இரண்டாவது மட்டும்தான் கிடைத்தது. முதல் படத்தை இனிமேல் யாராலும் எனக்குக் கொடுக்கமுடியாது" என்றாள். அத்தை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் அது கிடைத்ததே இல்லை என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. மாமியின் கிணற்றடியை நான் கொஞ்சம் அதிகமாகவே கொண்டாடிவிட்டேனோ? தெரிந்து பார்ப்பது ஆழம் என்றால், தெரியாமல் பார்த்தவனுக்கு அந்த ஆழமும் ஒரு நாள் கிடைக்கும். தெரிந்து பார்த்தவளுக்கு அந்தப் பொரி கொட்டும் கணம் கிடைக்காது. வரிசை மாறினால் கணக்கு சரிவருவதில்லை. நான் தோசையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

அத்தை மட்டும் மெதுவாக, "கடைசிக் காட்சியை நான் பார்க்கிறதே இல்லை" என்றார். உண்மைதான், கோபால் ஒப்புக்கொள்ளத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பாகவே முந்தின நாள் விளக்கேற்ற எழுந்து போய்விட்டார். ஆறரை மணி என்பதால் என்று நினைத்திருந்தேன். "அந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போவதை எத்தனை தடவை பார்ப்பது? பார்க்காவிட்டால் போகாது என்று வைத்துக்கொள்ளேன்" என்றார். என்ன தர்க்கம் இது என்று மகள் என்னைப் பார்த்தாள். நான் அத்தையைப் பார்த்தேன்.

அன்று மாலை மகளே சமாதானத்துக்கு வந்தாள். இன்னொரு பழைய படம் பார்க்கலாம், ஆனால் அத்தைப் பாட்டி ஒரு வார்த்தை பேசக்கூடாது, சத்தியம் செய்யவேண்டும் என்றாள். அத்தை அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' போட்டோம். 1954, ஒரு பாட்டுகூட இல்லாத படம். தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி செத்து விழுகிறார். யார் சுட்டது என்பதுதான் கதை. துப்பறிகிறவர் வருகிறார், ஒவ்வொருவராக வாக்குமூலம் கொடுக்கிறார்கள். அத்தை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சத்தம் இல்லை. இருபது நிமிடம் கழித்துத்தான் கவனித்தேன், என் மகள் திரையைப் பார்க்கவில்லை. பண்டரிபாய் வரும்போதெல்லாம் அத்தையின் கண்கள் போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.